கூரையடியில் ஒரு கை

“வீட்டிலை ஆரும் இல்லாட்டி, நெருப்பை ஆர் அணைச்சது?”

ஐந்து வயது லெனாட்தான் கேட்டான்.

அந்த ஞாயிறு காலை, குருநகர் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் குசினியில் சாப்பாடு குளிரவைக்கும் பிறிஜின் வயர் எரிந்துவிட்டது. திரும்பி வந்தபோது கதவுகள் பூட்டியபடியே இருந்தன. ஆனால் நெருப்பு அணைந்திருந்தது. பிறிஜின் மேல் மணல் குவிந்து கிடந்தது. விறாந்தையில் மெயின் சுவிச்சை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

கரி படிந்த சுவரில், அப்பாவுக்கும் எட்டாத உயரத்தில், ஒரு கை பதிந்திருந்தது. விரல்கள் கீழே பார்த்தபடி இருந்தன.

“மாதாதான் காப்பாற்றினவ,” என்றார் அம்மா.

“மாதாவின்ரை கை உவ்வளவு பெரிசோ?” என்றான் லெனாட்.

அதன் பிறகு அவன் வீட்டுக்குள் வரவேயில்லை. சாப்பாடும் படுக்கையும் விறாந்தையில்தான். “உந்தக் கை என்னைத் தேடுது, அக்கா.”

மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: “இவனைப் பெரியம்மா வீட்டிலை கொண்டுபோய் விடுவம்.”

அவனது அக்கா ஜெசிதாவுக்குப் பத்து வயது. தம்பி இல்லாத வீடா?

தனியாகக் குசினிக்குள் போனாள். கரி மணத்தது. எங்கோ ‘டொக்... டொக்...’ என்று தட்டும் சத்தம். கையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் பார்த்தாள். அதன் மேல் ஒரு வெயில் கோடு மெல்ல ஊர்ந்தது.

நிமிர்ந்தாள். கூரையில் இரண்டு ஓடுகள் விலகிக் கிடந்தன. காற்றுக்கு அவைதான் தட்டிக்கொண்டிருந்தன.

மூலையில் கூட்டிவைத்த மணலைக் கிளறினாள். உள்ளே நீல வலைநூல் துண்டுகள். அந்த நீல வலை பக்கத்து வீட்டுக் கிறகோரியின் வேலியில்தான் காயும். தேங்காய்ச் சண்டை ஒன்றில், “இனி என்ரை வளவுக்குள்ளை கால் வைக்கக்கூடாது,” என்று அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார்.

வேலியால் எட்டிப் பார்த்தாள். அவரது வலது கையில் துணிக்கட்டு.

“மாமா, சுவரிலை இருக்கிறது உங்கடை கையோ?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஓம் பிள்ளை. புகையைக் கண்டு ஓடிவந்தன். மெயினை நிப்பாட்டிப்போட்டு, கூரையிலை ஏறி, ஓட்டைக் கழட்டி மணலைக் கொட்டினன். வழுக்கிச்சுது, சுடுசுவரிலை கையை ஊண்டிட்டன். உன்ரை அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. தேங்காய்க் கள்ளன் இப்ப கூரையாலையும் இறங்கிறான் எண்டு சொல்லுவார்.”

ஜெசிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

“தம்பி, அது எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆளின்ரை கை,” என்றாள் லெனாட்டிடம். “ஆர் எண்டு கேக்காதை.”

அவன் வாசலில் வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, பெரிய கைக்கு நேர் கீழே, கரியில் தன் சின்னக் கையைப் பதித்தான். “அது தனிய நிக்குது.”

சனிக்கிழமை கிறகோரி கைக்கு மருந்து கட்டப் போனார். ஒரு கையால் சுத்தமாக்க முடியாத அவரது வலை, பாசியும் நண்டுக்காலுமாகச் சிக்கிக் கிடந்தது. ஜெசிதா அவரது முற்றத்து வெயிலில் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் வலையை நன்றாக விரித்துக் காயவிட்டாள்.

பிறகு அவரது வேலிப் படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தங்கள் கிணற்றடிக்குப் போய் விரல்களைக் கழுவினாள்.