நாற்பத்தொன்பது அங்குலம்

மதியச் சோற்றை முடித்துவிட்டு டொமினிக் மறுபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஈப்போ வெயில் மண்டையைப் பிளந்தது. எக்ஸ்ரே படம் பார்க்கும் அறைக்கோ பகலும் கிடையாது, சன்னலும் கிடையாது.

ஊரோரப் புந்தோங் பகுதித் தச்சன் அவன். இப்போது அங்கே படம் பார்க்கும் டாக்டர் கார்த்திகேசு குள்ளம். படத்துக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பெட்டியோ, செத்துப்போன நெட்டை டாக்டரின் உயரத்துக்கு மாட்டியது. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது; பெட்டியை இறக்கி மாட்ட டொமினிக்கைக் கூப்பிட்டிருந்தார். டொமினிக்கின் மனைவி கெர்ட்ரூட் இரண்டு மாதமாக இருமுகிறாள். அவள் நெஞ்சுப் படத்தைக் காலையில் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார்; ஆனாலும் இந்த வலியில் தன் கண்ணையே நம்ப முடியவில்லை, பெட்டியை இறக்கியதும் இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றார். பெட்டியை அப்போதே கழற்றி வைத்துவிட்டான் டொமினிக்.

ஆயா செல்லாயி வாசலிலேயே மடக்கினாள். பழைய டாக்டர் உள்ளே படம் பார்க்கும் நாற்காலியில்தான் போய்ச் சேர்ந்தாராம், கையில் சிவப்புப் பென்சிலோடு. சந்தேகப்பட்ட இடத்தைப் படத்திலேயே வட்டம் போடுவாராம்.

"அவரு வேல இன்னும் முடியல லா, தம்பி."

உள்ளே குளிர். படம் கழுவும் மருந்தின் வாடை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு நாற்காலியில் ஓர் ஆள் உருவம் மட்டும் தெரிந்தது.

"டாக்டர், நிமிந்து உக்காருங்க. அளவு எடுத்துக்கறேன்."

உருவம் நிமிர்ந்தது. தரையிலிருந்து கண் வரை நாடாவைப் பிடித்து, நாடாமேல் மட்டும் டார்ச் அடித்தான். நாற்பத்தொன்பது அங்குலம். விரலில் பட்ட கன்னம் ஜில்லென்றிருந்தது. ஏர்கோன் குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

நாற்காலிக்கு முதுகைக் காட்டியபடி அந்த அளவிலேயே பெட்டியை மாட்டினான். திருகாணிகள் பழைய ஓட்டைகளில் தாமாகவே இறங்கின.

பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை.

கதவு திறந்தது. டாக்டர் கார்த்திகேசு வாசலில் நின்றார்.

"வார்டுல பிடிச்சுக்கிட்டாங்க, டொமினிக். அளவு எடுக்கலாமா?"

டொமினிக் திரும்பினான்.

நாற்காலி காலி.

டாக்டர் பெட்டி விளக்கைப் போட்டார். காலையில் மேசைமேல் வைத்த கெர்ட்ரூட்டின் படம், யாரும் எடுத்து மாட்டாமலே, இப்போது பெட்டியில் தொங்கியது. நெஞ்சின் மேலோரம் ஒரு சிவப்பு வட்டம்.

"இத நான் போடலியே."

அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். எலும்பு மறைவில் சின்னதாய் ஒரு நிழல், காலையில் விட்டுவிட்டேன், காசமாய் இருக்கலாம், இப்போதே மருந்து தொடங்கினால் பிழைத்துக்கொள்வாள் என்றார்.

"பெட்டி அங்கயே இருக்கட்டும். என் நாக்காலிய உசத்திரு."

டொமினிக் நான்கு மரக்கட்டைகளோடு குனிந்தான். நாற்காலியைத் தூக்கினான்.

அசையவில்லை.

டாக்டரும் வந்து மறுபக்கம் பிடித்தார்.

காலி நாற்காலிதான். ஓர் ஆள் கனம் கனத்தது.