இரண்டாவது விரல்!

போன் அடித்தது.

மாலை நாலரை மணி. நியூ டவுனில் ஐ.டி. கம்பெனி கேன்டீன். முகுந்த் சிங்காராவை, அதாவது வங்காளத்துச் சமோசாவை, கடித்தபடியே திரையைப் பார்த்தான்.

விஜயலக்ஷ்மி மாமி!

கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் அவனைக் கரியாஹாட் வீட்டுக்குக் கூப்பிட்டு ரசஞ்சாதம் போடுகிற புண்ணியவதி.

"சொல்லுங்க மாமி!"

"மாமா போயிட்டார்டா..."

"எங்க போயிட்டார்?"

"ஒரேயடியா போயிட்டார்டா! தூங்கினவர் எழுந்துக்கவே இல்லை! அந்தப் போன் கத்தவே இல்லையாம்டா முகுந்த்... நீ மாத்திக் குடுத்தியே, அந்தப் போன்!"

முகுந்த் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினான்.

டாக்ஸியைப் பிடித்துக் கரியாஹாட்டுக்கு விரட்டச் சொன்னான்.

மாமா என்றால் வெங்கடநாராயணன். எழுபத்தொரு வயது. ரிடையர்ட் பேங்க் மேனேஜர். இன்சுலின் போட்டுக்கொள்கிற சர்க்கரைக்காரர். புஜத்தில் ஒட்டியிருக்கும் சென்சார் வில்லை ரத்தத்தில் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும். அபாயமாக இறங்கினால் போனில் உள்ள ஆப் அலறி ஊரைக் கூட்டும். அவர் உயிர் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

ஆனால் அவருடைய போன் ஏழு வருஷப் பழசு. அந்த ஆப் அதில் ஏறாது. புதுப் போன் வாங்கவும் மனுஷர் சம்மதிக்க மாட்டார்.

முகுந்த் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? பந்தாவாக முன்வந்தான். போனின் பூட்டை உடைத்தான். கம்பெனி கொடுத்த மென்பொருளைத் துடைத்துவிட்டு, வெளியாட்கள் எழுதிய புதுசை ஏற்றினான்.

'இனி நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று போன் எச்சரித்தது. மாமா பேங்க்காரர் அல்லவா? 'விளைவுகளுக்கு நானே பொறுப்பு' என்று வெள்ளைத்தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

முகுந்த் அதை வாங்கிக் கிழித்துப் போட்டான்!

"நமக்குள்ள என்ன மாமா லெட்டர்? எது ஆனாலும் என் பொறுப்பு!"

பெருந்தன்மையாம்! நம்மவர்களுக்கு இந்த வாய் ஒன்று போதும், வேறு சத்துருவே வேண்டாம்.

அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், மாமி. இன்னொருவர், அதே வீட்டில் இருக்கும் மாமாவின் தம்பி ஜெய்ராம். அலிப்பூர் கோர்ட்டில் கிரிமினல் வக்கீல்.

கரியாஹாட் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

கூடத்தில் மாமா கிடத்தப்பட்டிருந்தார். மாமி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகுந்தைக் கண்டதும் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என் பொறுப்புன்னியேடா! இப்ப சொல்லு... எங்கேர்ந்து கொண்டுவந்து குடுப்பே அவரை?"

முகுந்துக்கு அழவும் வரவில்லை. 

"தம்பி, இப்படி வா."

போலீஸ் உதவி கமிஷனர் முருகானந்தம். தேனிக்காரர். இருபது வருஷ வங்காள சர்வீஸில் தமிழ் பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார். இன்று படவில்லை.

"போனை மாத்தினது நீதானே?"

"ஆமா சார்."

"படிச்ச புள்ளதானே நீ? உசிரு போற விஷயத்துல வெளையாடலாமா?"

"மூணு மாசமா ஒழுங்கா அடிச்சுது சார். நேத்துகூட அடிச்சுது!"

"இன்னைக்கி அடிக்கலையே? பெரியவரோட தம்பி பக்கத்து ரூம்லயே இருந்திருக்காரு. சத்தமே கேக்கலைங்கறாரு."

ஜெய்ராம் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னி பதினோரு மணிக்கு பஜனைக்குக் கிளம்பினா சார். அண்ணா படுத்துண்டார். நாலு மணிக்கு மன்னி வந்து எழுப்பினா, உடம்பு சில்லுன்னு இருக்கு. சர்க்கரை இறங்கித்தான் போயிருக்கார்னு டாக்டர் சொல்லிட்டார். போன் ஒரு சத்தம் போட்டிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா? இவன்தான் சார் பொறுப்பு. வாயாலயே சொல்லியிருக்கான். புகார் எழுதிக் குடுத்துட்டேன்."

முகுந்த் முருகானந்தத்தின் பக்கம் திரும்பினான்.

"சார்... அந்தப் போனை ஒரு தடவை காட்டுங்க. ப்ளீஸ்!"

முருகானந்தம் யோசித்தார். பாலிதீன் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"என் கண்ணு முன்னால பாரு."

பூட்டு உடைத்த போனில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே நடந்ததையெல்லாம் நிமிஷவாரியாக எழுதி வைத்திருக்கும் குறிப்பை எடுத்துப் படிக்கலாம். முகுந்த் தன் லேப்டாப்பில் போனைச் செருகினான். தேடினான்.

பத்து நிமிஷம் போயிற்று...

"சார்! அடிச்சிருக்கு!"

"என்னது?"

"பன்னிரண்டு பத்துக்கு அலாரம் அடிச்சிருக்கு சார்! பன்னிரண்டு பதினொண்ணுக்கு யாரோ விரலை வச்சுத் திறந்து நிறுத்தியிருக்காங்க! மறுபடி அடிக்காத மாதிரி சத்தத்தையும் அணைச்சிருக்காங்க!"

"பெரியவரே நிறுத்தியிருக்கலாமே?"

"அவர் கட்டைவிரல்தான் இதுல முதல்ல பதிவானது. திறந்தது இரண்டாவதா பதிஞ்ச விரல். வேற யாரோட விரலோ!"



"எனக்கு அதைத் தொடக்கூடத் தெரியாதுடா..." என்றாள் மாமி.

வீட்டில் மீதி இருந்தது ஒருவர்தான். முருகானந்தம் மெல்லத் திரும்பினார்.

"ஜெய்ராம் சார்... கையைக் குடுங்க."

கட்டைவிரல். திறக்கவில்லை.

ஆள்காட்டி விரல்.

போன் திறந்துகொண்டது!

"டேய் ஜெய்ராமா!" மாமி வீறிட்டாள். "வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்ட ப்ரமோட்டருக்குக் குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னியே... அவர் கையெழுத்துப் போடலைன்னு கொன்னுட்டியேடா!"

முகுந்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமாவைக் கொன்றது நானில்லை!

ஜெய்ராம் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். பதற்றமே இல்லை.

"ஆபத்துக்கு உதவும்னு அண்ணாதான் என் விரலைப் பதிய வச்சார் சார். அது ஒரு குற்றமா? மிச்சம் இருக்கறது அந்தப் பன்னிரண்டு பதினொண்ணு மட்டும்தான். முகுந்த்... கோர்ட்டுல கேக்கப்போறதை இங்கேயே கேட்டுடறேன். இந்தப் போனுக்குள்ள நுழைஞ்சு யாரும் எதையும் எழுதலாமா?"

"...எழுதலாம்."

"நேரத்தை மாத்தலாமா?"

"மாத்தலாம்."

"தடயம் இல்லாம?"

"தெரிஞ்சவங்க செஞ்சா..."

"உனக்குத் தெரியுமா?"

முகுந்த் லேப்டாப்பை மூடினான்.

"தெரியும்."

"இப்ப பத்து நிமிஷமா அது யார் கையில இருந்தது?"

முருகானந்தத்தின் முகம் வெளிறியது. எடுத்துக் கொடுத்தவர் அவர்தானே!

"ஆப் கம்பெனியில பதிவாகியிருக்கும்ல தம்பி? அவங்ககிட்ட கேட்டு வாங்கிருவோம்!"

"இருக்காது சார்..." முகுந்தின் குரல் உடைந்தது. "பூட்டு உடைச்ச போனை அவங்க சேத்துக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம ஓடற மாதிரி அந்த ஆப்பையும் நான்தான் மாத்தினேன்."

உண்மை அவன் கையில் பளிச்சென்று இருந்தது. அதை யாரும் நம்ப முடியாதபடி செய்து வைத்தவனும் அவனேதான்.

"அப்போ இவனை விட்டுடுவேளா?" மாமி ஜெய்ராமைக் காட்டிக் கேட்டாள்.

முருகானந்தம் தொப்பியைக் கழற்றினார்.

"நான் நம்புறேம்மா. நான் நம்பி என்ன செய்ய? கோர்ட்டு நம்பணுமே..." முகுந்தைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "புகார் உன் பேர்லதான் இருக்கு. ஸ்டேஷன் வரைக்கும் வா தம்பி."

"சோலுன்" என்று வங்காளத்தில் நடக்கச் சொல்லி, கான்ஸ்டபிள் முகுந்தின் ஒரு கையைப் பிடித்தான். இன்னொரு கையை மாமி பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கான்ஸ்டபிள்தான் பிரித்துவிட்டான்.

வாசற்படியில் ஜெய்ராம் நெருங்கி வந்தார். தன் போனை எடுத்தார். முகுந்தின் காதருகே குனிந்தார்.

"ஜாமீன்ல வந்ததும் முதல் வேலையா என் போனையும் இதே மாதிரி பூட்டை உடைச்சுக் குடுத்துடுப்பா... என் கட்சிக்காராளுக்கெல்லாம் உன்னையே சிபாரிசு பண்றேன்!"