சம்மனசின் கன்னம்

"கொஞ்சம் தலையை நகர்த்துங்க... வெளிச்சத்தை மறைக்கிறீங்க!"

சாரப் பலகையில் கால் நீட்டிச் சாய்ந்திருந்த நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றும் முற்றும் பார்த்தான். ஆளைக் காணோம். கீழே மரங்களின் உச்சி, பக்கத்தில் கல்சுவர், முதுகுக்குப் பின்னால் பேராலயத்தின் பெரிய கண்ணாடி ஜன்னல்... அவ்வளவுதான்.

"உங்களைத்தாங்க. இங்க... இந்த ஓட்டையில பாருங்க."

திரும்பினான். அந்த உயரமான ஜன்னலில் ஒரு துண்டு மட்டும் உடைந்து விழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கண்!

ஒரே ஒரு கண்... கோபமாக விழித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சிரிப்பு, வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

நெட்டை சட்டென்று இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டான். வேர்வையில் ஊறிய மஞ்சள் சட்டையை அலசி, ஓட்டைக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் காவலாக இருந்து ஓட்டைக்கு நேரே மட்டும் கிழிந்துபோயிருந்த கம்பிவலையில் உலரப் போட்டிருந்தான். உழைத்து உழைத்து மெலிந்து, வெயில் புகுந்து போகிற சட்டை.

"உள்ள ஆள் இருக்கறது தெரியாதுங்க."

"வெளிய ஆள் இருக்கறது எனக்கு நல்லாவே தெரியுது. ஜன்னல்ல இருக்கற சம்மனசு நெத்தியில பூசணிக்காய் மாதிரி ஒரு நிழல்!"

"பூசணிக்காயா? ஏங்க... இந்தத் தலையை எங்கம்மா எவ்வளவு ஆசையா பெத்தாங்க தெரியுமா?"

"ஆசையா பெத்த தலையை ஆசையா நகர்த்துங்க."

தலை நகர்ந்தது. சட்டை நகரவில்லை. அதை அவள் பார்க்கவில்லை... அவன் நினைக்கவும் இல்லை.

சாரம் கட்டி, வெளிச்சுவரின் கல் இடுக்குகளில் சாந்து அடைப்பது அவன் வேலை. உள்ளே அவள் வேலை ஜன்னல். அவள் அப்பா கண்ணாடிப் பட்டறைக்காரர். சின்னதிலிருந்து அவருக்குக் கைவேலை செய்தவள், முதல் முறையாக ஒரு ஜன்னலை முழுசாகத் தன் பொறுப்பில் வாங்கியிருந்தாள். "நடுவுல வந்து எட்டிப் பாக்கக் கூடாதுப்பா" என்று சொல்லி வாங்கியது!

"அந்த ஜன்னல்ல என்னதாங்க இருக்கு? எனக்கு எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது" என்றான் மறுநாள் மத்தியானம்.

"வெளிய நின்னா அப்படித்தான் தெரியும். ஒரு சம்மனசு, அதான் தேவதூதன், முட்டி போட்டு ஒரு பொண்ணுகிட்ட சேதி சொல்லிட்டு, அவ என்ன பதில் சொல்லப் போறாளோன்னு காத்துக்கிட்டு இருக்கு. யாரோ விட்ட கல்லுல அதோட கன்னம் போயிடுச்சு."

"பாவம்... பதில் வர்றதுக்கு முன்னாடியே அடி வாங்கியிருக்கு."

உள்ளே கலகலவென்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நெட்டை தினமும் சோற்றை அவசரமாக விழுங்கினான். வெளிச்சம் நன்றாக இருக்கிற மத்தியானத்தில்தான் அவள் நிறம் பார்ப்பாள். விதவிதமான கண்ணாடித் துண்டுகளை ஓட்டையில் பிடித்து, சம்மனசின் கழுத்து நிறத்தோடு ஒத்துப் பார்ப்பாள். துண்டு மாறுகிற இடைவெளியில் அந்தக் கண் வரும். பேச்சு வரும். அவன் சட்டை பக்கத்திலேயே காயும்.

ஒருநாள் ஓட்டை அடைபட்டுவிட்டது. துண்டு பொருந்தி, அதைப் பிடித்து நிறுத்துகிற ஈயப்பட்டையும் வைத்தாகிவிட்டது. "அச்சு அசலா சேந்துடுச்சுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அவன் சிரித்தான். ஆனால் அன்று சோற்றைப் பிரிக்காமலே கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்...

மறுநாள் மத்தியானம் ஏணி கடகடவென்று ஆடியது. யாரோ ஏறி வருகிறார்கள். பார்த்தால்... அவள்! பலகையில் கால் வைத்ததும் அவள் பார்வை நேராகச் சட்டையில் போய் நின்றது.

"இதானா? இத்தனை நாளும் இந்தச் சட்டைதானா!"

"என்னங்க ஆச்சு?"

"காலையில அப்பா வந்து பாத்தாரு. கழுத்து வெள்ளை, கன்னம் மட்டும் தேன் நிறம். 'என்னம்மா, சம்மனசுக்கு மஞ்சக்காமாலை வந்திருக்கு'ன்னாரு. 'உனக்கு இன்னும் கண்ணு பத்தல, நான் முடிச்சுக்கறேன்'னு ஜன்னலை வாங்கிக்கிட்டாரு. மத்தியானம் பாத்தா காமாலை தானா குணமாயிடுச்சு! என்ன மாயம்னு ஏறி வந்தா... கழுத்துக்குப் பின்னால உங்க சட்டை தொங்குது. கழுத்து மஞ்சளாத் தெரிஞ்சுது, நானும் மஞ்சளா தேடிப் பிடிச்சிருக்கேன்!"

"அப்போ சட்டையைக் கொண்டுபோய் அப்பாகிட்ட காட்டுங்க."

"யாரு சட்டைன்னு கேப்பாரு. பேசிக்கிட்டே வேலை பாத்தியான்னு கேப்பாரு. அதுக்குக் கண்ணு பத்தலன்னே இருந்துட்டுப் போகட்டும்."

"என்கூடப் பேசினது அவ்வளவு கேவலமா?"

அவளுடைய இரண்டு கண்களையும் அவன் சேர்த்துப் பார்த்தது அன்றுதான். இரண்டிலும் தண்ணீர்.

"வெளிய காயற துணிகூடத் தெரியாம பேசிக்கிட்டு இருந்தேன் பாருங்க... அது என் தப்பு."

இறங்கிப் போய்விட்டாள்.

வேண்டியதுதான் என்று நெட்டையும் முறுக்கிக்கொண்டான். நானாகப் போய்ப் பேசுவதா? சாயங்காலம் சாந்துச் சட்டியைக் கழுவும்போது நடந்ததைக் காதில் வாங்கியிருந்த கூட்டாளி மொட்டை மெதுவாகக் கேட்டான்.

"என்னடா, உம்முனு இருக்கே?"

"எனக்கும் ரோஷம் இருக்குல்லடா?"

"இருக்கட்டும். உனக்கு ரோஷம் மிச்சம், அந்தப் பொண்ணுக்கு ஜன்னல் போச்சு. நல்லா பங்கு பிரிச்சுக்கிட்டீங்க போ."

சுருக்கென்றது. இனி எந்த வேலை செய்தாலும் அவள் காதில் 'கண்ணு பத்தல' என்பதுதானே கேட்டுக்கொண்டிருக்கும்...

காலையில் பளிச்சென்று வெயில். நெட்டை தன் மஞ்சள் சட்டையை மொட்டையிடம் கொடுத்துவிட்டு, மொட்டையின் சட்டையைப் போட்டுக்கொண்டான். பொத்தான் எட்டவில்லை. காலைக் கழுவிக்கொண்டு, அந்தக் கோயிலுக்குள் முதல் முறையாக நுழைந்தான்.

நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

இத்தனை நாளும் தான் முதுகைச் சாய்த்திருந்த கறுப்பா இது? தரையில் சிவப்பு ஓடியது... தூணில் பச்சை ஏறியது... சாந்து அரித்து வெடித்த அவன் உள்ளங்கையில் ஒரு நீலம் வந்து உட்கார்ந்தது. கையை மூடினான். நீலம் விரலுக்கு மேல் ஏறிக்கொண்டது. இதற்குள்ளிருந்தா அவள் என்னோடு பேசினாள்!

உள்சாரத்தில் பட்டறைக்காரர் கத்தியோடு ஈயப்பட்டையை மடக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலை குனிந்து அவள்.

"ஐயா... அதை எடுக்காதீங்க. ஒரு நிமிஷம்."

"யாருப்பா நீ?"

"காமாலைக்குக் காரணங்க."

அவர் முழித்தார். நெட்டை போனை எடுத்து, "போடுடா" என்றான். வெளியே மொட்டை சட்டையைத் தொங்கவிட்டான். சம்மனசின் தாடை மெல்லத் தேனாக மாறியது... கழுத்து மாறியது... கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"எடுக்கச் சொல்லு" என்றார். எடுத்தான். காமாலை.

"போடச் சொல்லு." போட்டான். குணம்.

இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார், போடச் சொன்னார். பிறகு கத்தியைத் தாழ்த்தினார்.

"இம்மி பிசகல. பாத்ததை அப்படியே பிடிச்சிருக்கா... கண்ணு பத்தலன்னு சொன்னேனே, என்னைச் சொல்லணும்." மகள் தலையில் கையை வைத்தார். அடுத்த நொடி அவன் பக்கம் திரும்பினார். "ஆமா... சட்டை தொங்கின நேரத்துலதான் அவ நிறம் பாத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நெட்டை எட்டாத பொத்தானை இழுத்து மாட்டப் பார்த்தான். ஆனால் அவள் நிமிர்ந்தாள்.

"பேசிக்கிட்டு இருந்தோம்பா. தினமும்."

பட்டறைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியை மகள் கையில் வைத்தார்.

"உன் ஜன்னல், நீயே முடி. பேசினதைப் பத்தி அப்புறம் பேசுவோம். தம்பி... சட்டையை வேற எங்கயாவது காயப் போடு."

அன்று மத்தியானம் ஓட்டை மறுபடி திறந்திருந்தது. நெட்டை தன் மஞ்சள் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தான். கண் வந்தது.

"சட்டையெல்லாம் பலமா இருக்கு?"

"உங்கப்பா மேல பயங்க..."

"நாளைக்கு வெள்ளைக் கண்ணாடித் துண்டு வந்துடும். ஓட்டையை மூடிடுவேன்."

"அப்போ இன்னைக்கே சொல்லிடறேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "முதல் நாள் உங்க ஒரு கண்ணைத்தான் பாத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்... கட்டினா உங்களைத்தான்னு."

"ஒரு கண்ணைப் பாத்தா? இன்னொண்ணு மாறுகண்ணா இருந்திருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்னுதாங்க முடிவு பண்ணேன்."

கண் மறைந்தது. சம்மனசைப் போலவே அவனும் காத்திருந்தான்.

ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. விரல்களுக்கு நடுவில் அந்தத் தேன் நிறக் கண்ணாடித் துண்டு.

"சம்மனசுக்கு ஆகலை. தூக்கிப் போடவும் மனசு வரல. பத்திரமா வைங்க... ஒரு ஜன்னல்ல பதிக்கணும்."

"எந்த ஜன்னல்ல?"

"மஞ்சச் சட்டை காயற வீட்டு ஜன்னல்ல."

வாங்கும்போது விரல் பட்டது. நிமிர்ந்து பார்த்தான். ஓட்டையில் அதே கண். ஓரத்தில் தயங்கி நின்ற அந்தச் சிரிப்பு... இந்தத் தடவை யோசிக்காமல் வெளியே வந்துவிட்டது.