சீமை இன்ஜினின் பக்கக் கதவு

விஜயதசமி, காலை ஏழு மணி. பொள்ளாச்சிப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே தென்னந்தோப்பு நடுவில் இருந்த ஷெட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போன பூபதிராஜா, போன வேகத்தில் வெளியே வந்து, "போச்சு" என்றார்.

போனது இன்ஜின் அல்ல, இன்ஜினின் பக்கக் கதவு. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வார்ப்பிரும்பு மூடி. அதைக் கழற்றினால்தான் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு தெரியும். அது இல்லாமல் ஓட்டினால் ஆயில் மூஞ்சியில் தெறிக்கும்.

மனுஷனுக்குப் பைத்தியம் பலவிதம். ஒருத்தருக்குச் சேவல், ஒருத்தருக்குச் சீட்டு. பூபதிராஜாவுக்கு டீசல் இன்ஜின். பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களை வாங்கிக் கழற்றி மாட்டி ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார். மூன்று இன்ஜின் இருந்தது போதாதென்று இங்கிலாந்திலிருந்து நான்காவதைக் கப்பலில் வரவழைத்தார். கொச்சித் துறைமுகத்துக்கு நடந்த நடையில் செருப்புத் தேய்ந்தது. வந்து இறங்கியதும் ஊரெல்லாம் தம்பட்டம். "அசல் சீமைச் சரக்குங்க. நம்ம பக்கத்துல இந்த வார்ப்பு வருமா?" இதைக் கேட்காத காது சித்தூர் தாலுகாவில் இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவரைப் போன்ற பைத்தியங்கள் பொள்ளாச்சியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்து கூடுவதாக இருந்தது. அவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் பக்கக் கதவைக் கழற்றுவார்கள், டார்ச் அடித்து உள்ளே பார்த்து மெச்சுவார்கள், அதன்பிறகுதான் ஓட்டுவார்கள்.

ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பூபதிராஜாவிடம். மற்றது தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் சின்னமுத்துவிடம். இது போதாதா, பூபதிராஜாவின் மைத்துனன் கோகுல்நாத்துக்கு? முன்கோபத்துக்குப் பேர்போன பிள்ளை. நேரே சின்னமுத்துவின் வீட்டுக்குப் போய், தெருவே பார்க்க, அவர் மகள் சோனாவின் தகரப் பெட்டியை வாசலில் கவிழ்த்தான். மறுநாள் சோனாவுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு எடுத்த பட்டுச்சேலை மண்ணில் விழுந்தது. கதவு கிடைக்கவில்லை. "பழைய இரும்புக் கடையில போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு, அவனே போலீஸுக்கும் போன் அடித்தான்.

பூபதிராஜா ஷெட்டு வாசலை விட்டு நகரவே இல்லை. "போலீஸ் எதுக்குப்பா, விடு" என்று ஒரு தடவை முனகினார். பெரிய மனசு என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதற்குள் சேதி எட்டி, மலையில் உடும்பஞ்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சின்னமுத்துவுக்குப் போன் செய்து, நாளைக்கு வரத்தான் வேண்டுமா என்று கேட்டாயிற்று.

எட்டரை மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் அன்னமேரி வந்தார். ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அதட்டிப் பேச மாட்டார். அதனாலேயே ஆட்களுக்கு அவரிடம் பயம்.

ஷெட்டுக்குள் ஊதுபத்தி வாசனை இன்னும் இருந்தது. நேற்று ஆயுத பூஜை. வாழையிலையில் ஸ்பேனர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பழைய இன்ஜின்கள் மூன்றுக்கும் பக்கக் கதவின் நடுவில் பொட்டு. புது இன்ஜினுக்கு டீசல் டேங்க்கில் பொட்டு. கதவு இருந்த இடத்தில் ஓட்டை. அதைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் மட்டும் அதனதன் துளையில் ஒழுங்காகத் திருகி வைக்கப்பட்டிருந்தன. ஸ்டூல்மேல் பட்டுத் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. மூலையில் கழிவு ஆயில் டிரம் விளிம்புவரை நிரம்பி வழிந்திருந்தது.

அன்னமேரி குனிந்து அந்த ஓட்டையின் விளிம்பை விரலால் தேய்த்தார். விரலை முகர்ந்தார்.

"இந்த போல்ட்டுக்குச் சேர்ற ஸ்பேனர் எது சார்?"

பூபதிராஜா இலையில் கடைசியாக இருந்ததைக் காட்டினார். "இது ஒண்ணுதானுங்க சேரும்."

"எடுங்க."

"பூஜை வெச்சதை, மறுபடி பூஜை போட்டுத்தானுங்க எடுக்கோணும். அதுக்கு முன்னாடி யாரும் தொட மாட்டமுங்க."

தொடவில்லைதான். சந்தனம் இலையோடு சேர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து வேறு ஸ்பேனர் கொண்டுவந்திருப்பான் என்றான் கோகுல்நாத். அன்னமேரி பட்டுத் துண்டை விரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தார்.

அடுத்து சின்னமுத்துவை விசாரித்தார். இரவு எங்கே இருந்தீர்கள் என்றதற்கு, வீட்டில் என்றார். சாவி? இடுப்பில். யார்மேலாவது சந்தேகம் உண்டா? அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"மொதலாளி நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்க. அவரு வாயே தொறக்கலைங்களே."

கடைசியாக, பூபதிராஜாவின் மனைவி பிரதீபா. நேற்று பொட்டு வைத்தது அவர்தான்.

"எல்லா இன்ஜினுக்கும் எங்க வப்பீங்கம்மா?"

"கதவு நடுவுலதானுங்க. எப்பவும் அங்கதான்."

"புதுசுக்கு மட்டும் ஏன் டேங்க்குல?"

"கதவுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்குது, காயலைன்னு அவரு பட்டுத் துண்டு போட்டு மூடியிருந்தாருங்க. அதனால மேல வெச்சுட்டனுங்க."

சொல்லி முடித்ததும்தான் அந்த அம்மாளுக்கு ஏதோ உறைத்தது. கணவனைப் பார்த்தார். கணவன் தரையைப் பார்த்தார்.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அன்னமேரி எல்லோரையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டார். சின்னமுத்து வாசலோரம் நின்றார்.

"கதவு நேத்து ராத்திரி போகல. பூஜைக்கு முன்னாடியே போயிருச்சு. பொட்டு வைக்க அங்கன கதவே இல்ல, அதான் டேங்க்குக்குப் போச்சு. பெயிண்ட் காயலைன்னு துண்டு போட்டு மூடுனது யாரு? பூபதிராஜா சார். ஓட்டை விளிம்பைத் தேய்ச்சுப் பார்த்தேன், பெயிண்ட் வாசனையே இல்ல. பட்டுத் துண்டுலயும் ஒரு கறை இல்ல."

"மேடம், மச்சான் எதுக்குத் தன் பொருளைத் தானே..." என்று கோகுல்நாத் இழுத்தான்.

"திருட வந்தவன் போல்ட்டைத் திரும்பத் திருகி வச்சிட்டா போவான்? ஒரு போல்ட் தொலைஞ்சாலும் தூக்கம் வராத ஆளுதான் அப்படி வைப்பாரு." அன்னமேரி மூலையைக் காட்டினார். "சார், அந்த டிரம் ஏன் வழிஞ்சிருக்கு? உள்ள கைய விடுங்க."

பூபதிராஜா டிரம்மை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு சட்டைக் கையை மடிக்காமலே உள்ளே விட்டார். முழங்கைவரை கறுத்துப்போன கையில் கதவு வந்தது. ஒரு விருந்தாளி துணியால் அதன் உட்புறத்தைத் துடைத்தார். ஆங்கில எழுத்தில் வார்ப்போடு வார்ப்பாக ஓர் ஊர்ப்பெயர் இருந்தது.

கோயமுத்தூர்.

இங்கிருந்து பஸ் ஏறினால் பிளாஸ்க்கில் ஊற்றிய காபி சூடு ஆறுவதற்குள் போய்விடலாம். அங்கே வார்த்து, எந்தக் காலத்திலோ ஏற்றுமதியாகி, ஏதேதோ நாட்டில் தண்ணீர் இறைத்து, இங்கிலாந்தில் பச்சைப் பெயிண்ட் பூசிக்கொண்டு, சுங்கமும் கட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான். யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பூபதிராஜாவின் குரல் அவருக்கே கேட்டிருக்காது. ஆயில் மாற்றக் கழற்றியபோதுதான் எழுத்தைப் பார்த்தாராம். இத்தனை பேர் டார்ச் அடித்துப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் கை கால் ஓடவில்லையாம். கதவு காணோம் என்றால் கூட்டம் கலைந்துவிடும், அவ்வளவுதான் என்று எண்ணினாராம்.

"வெக்கமாப் போச்சுங்க மேடம்."

"உங்களுக்கு வெக்கம். அதுக்கு அந்தப் பிள்ளையோட பொட்டி தெருவுல கவுந்துச்சு." அன்னமேரி தொப்பியை எடுத்து மாட்டினார். "உங்க கதவை நீங்க ஒளிச்சா அது களவு கேஸ் இல்ல. பொட்டியைக் கொட்டினது வேற கேஸ், சின்னமுத்து எழுதிக் கொடுத்தா எடுப்பேன். அதுக்கு முன்னாடி, எந்தத் தெருவுல கொட்டுச்சோ அங்க போய் நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்கும் நீங்களே போன் போடுங்க."

பூபதிராஜா கதவைத் தூக்கிக்கொண்டே நடந்தார். கீழே வைக்கத் தோன்றவில்லை. பின்னால் கோகுல்நாத்தும், விருந்தாளிகளும். சின்னமுத்துவின் வாசலில் நின்று, தெரு கேட்க, நடந்ததைச் சொன்னார். உடும்பஞ்சோலைக்கும் போன் போட்டு, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். அந்தப் பக்கம் தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டார்கள். பிறகு, வருகிறோம் என்றார்கள்.

சின்னமுத்து பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாசலில் பெட்டி கவிழ்ந்தபடியே கிடந்தது. அவர் அதை விரலால் காட்டினார்.

"எடுத்து அடுக்கி வெச்சுட்டுப் போங்க."

பூபதிராஜா மண்ணில் மண்டியிட்டார். பட்டுச்சேலையை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் சோனா. "கை பூரா ஆயில். கழுவிட்டு வாங்க."

தெருக்குழாயில் சோப்புப் போட்டு அவர் கழுவிக்கொண்டே இருந்தார். டிரம்மில் ஊறின பழைய ஆயில், லேசில் போகாது. தெரு முழுக்கக் கலையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.