மூங்கில் குழலுக்குள் இருந்த சடையன்

அடி அண்ணாமலையில் சோடாக் கடை வைத்திருந்த ஆதிமூலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் கடையில் நின்றால் போதும், சோடாவை உடைப்பதற்கு முன்பே கதையை ஆரம்பித்துவிடுவார்.

"நாங்க தளபதி வம்சமுங்க. எங்க முப்பாட்டன் சடையன் வெள்ளக்காரன்கூட வாள் சண்ட போட்டவரு. அத்தாட்சி வீட்ல இருக்குது!"

அத்தாட்சி என்பது மூங்கில் குழலுக்குள் சுருட்டி வைத்த ஒரு பழைய தாள். ஆயுத பூஜையன்று குழலுக்குப் பொட்டு வைப்பார்கள். ஒருமுறை தாளை விரித்துப் பார்த்த இங்கிலீஷ் வாத்தியார், ஒரு வரிகூடப் புரியாமல், "இது ரொம்பப் பழைய இங்கிலீஷ்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

ஆதிமூலத்தின் மகள் கஸ்தூரி ஏழாம் வகுப்பு படித்தாள். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் தன் அம்மாவோடு வாடகை அறையில் தங்கியிருந்த கிளேர் என்ற பிரெஞ்சுச் சிறுமி அவளுடைய தோழி. கஸ்தூரி அவளுக்கு ஐந்தாங்கல் ஆடக் கற்றுக் கொடுத்தாள். கிளேர் இவளுக்குப் பிரெஞ்சு கற்றுக் கொடுத்தாள். ஒரு வருடத்தில் கிளேர் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. கஸ்தூரியோ பிரெஞ்சில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஊருக்குத் திரும்பும்போது கிளேர் தன் அகராதியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அத வெச்சி இன்னாடி பண்ணப் போற? பிரெஞ்சுலயா சோடா விக்கப் போற?" என்று சிரித்தாள் அம்மா பச்சையம்மாள்.

1979-இல் பள்ளியில் 'நம் ஊர் வரலாறு' கண்காட்சி வைத்தார்கள். ஆதிமூலமே குழலை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"எல்லார் முன்னாடியும் காட்டு. நானும் வரேன்."

ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியும் வைத்தார்.

கஸ்தூரி தாளை விரித்தாள். அது இங்கிலீஷே இல்லை, பிரெஞ்சு! எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. எட்டு நாள், பள்ளி விட்டதும் அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள். ஒன்பதாம் நாள், அடியில் இருந்த 1757 என்ற வருடம்வரை எல்லாம் புரிந்தது.

தளபதியும் இல்லை, வாளும் இல்லை. நைனா எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பாரே! படிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் சடையன் இருநூறு வருடங்களுக்கு மேலாகக் குழலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். அவரை வெளியே கொண்டுவர, அந்த ஊரில் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

கண்காட்சியன்று கஸ்தூரி முதலில் பிரெஞ்சில் வாசித்தாள். கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு தமிழில் சொன்னாள்.

"இந்தத் தாளை வைத்திருப்பவர் சடையன் என்னும் உழவர். எங்கள் பிரெஞ்சுப் படை இவருடைய கம்பு வயலைக் கொளுத்தியது. அதில் நானும் ஒருவன். அது தெரிந்தும், காயம்பட்டுக் கிடந்த என்னை வைக்கோற்போருக்குள் ஒளித்து வைத்து, பத்தொன்பது நாள் காப்பாற்றினார். தம் பிள்ளைகளின் கூழில் எனக்கும் பங்கு கொடுத்தார். இந்த வழியாக வரும் நம் வீரர்கள் யாரும் இவருடைய மாடுகளைத் தொடக்கூடாது."

"அப்ப தளபதி இல்லியா? வைக்கோப்போருதானா?" என்றான் வகுப்புத் தோழன் ராஜேந்திரன். சிலர் சிரித்தார்கள்.

ஆதிமூலம் எழுந்து வந்தார்.

"இன்னொரு வாட்டி படிம்மா."

படித்தாள்.

"வயலக் கொளுத்தினவனுக்கா கூழு ஊத்தினாரு?"

"ஆமா நைனா. பத்தொம்பது நாளு."

ஆதிமூலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தளபதின்னு சொல்லிச் சொல்லி, இத்தினி நாளா அவரக் கொறச்சுட்டேனே!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரலாற்று ஆசிரியர் சக்கரபாணி கரும்பலகையில் அரசர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவர் சாக்பீஸை எடுத்து, கடைசி அரசருக்குக் கீழே எழுதினார்: 'சடையன், உழவர்.'

முதலில் கை தட்டியவன் ராஜேந்திரன்தான்.

அடுத்த பௌர்ணமிக்குக் கடையில் ஒரே கூட்டம். வைக்கோற்போர்க் கதையைக் கேட்ட ஒருவர், "அந்தத் தாள யாருங்க படிச்சது? பெரிய புரொபசருங்களா?" என்று கேட்டார்.

ஆதிமூலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடைக்குள் காலி பாட்டில் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரியைக் காட்டினார்.

"உக்காருங்க, சோடா அப்புறம் குடிக்கலாம். கதையே இனிமேதான் இருக்குது. படிச்சது எம் பொண்ணு!"