கம்பியில் கேட்ட தனி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டுகள் காது பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மங்கையர்க்கரசி தலைகுளித்து, காதோர முடியை ஒதுக்கி ஊசி குத்தி, கேசரியும் கிளறி வைத்திருந்தார். செவிமொட்டு கேசரி சாப்பிடாது. புளியங்கொட்டை அளவு கருவி அது. காதுக்குள் உட்கார்ந்து பாட்டைக் கொண்டுவந்து தரும், அவ்வளவுதான். ஆனாலும் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கும் துணிச்சல் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் இன்னும் யாருக்கும் வரவில்லை.

அங்கே காற்று மெலிந்தது. கூரைக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்று சுவாசிக்கப் போதும், பாட்டுக்குப் போதாது. கத்தினால்கூட நாலடி தாண்டாது. பேசிக்கொள்ள எல்லோர் காதிலும் ஒரு சாதாரண மொட்டு உண்டு. சங்கீதத்துக்கு அது உதவாது, உயர்ந்த ஜாதி மொட்டு வேண்டும். அவற்றுக்கு அறிவும் அதிகம், கிராக்கியும் அதிகம். காதை அளந்து, நாலு கேள்வி கேட்டு, பிடித்திருந்தால்தான் உட்காரும். பிடிக்காவிட்டால், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று நாசூக்காகக் கிளம்பிவிடும்.

அப்படி நாலு மொட்டுகள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தன. குறை மங்கையர்க்கரசியின் காதில்தான். குடியிருப்பின் தண்ணீர்ப் பம்புகளோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்ததில், கனத்த அடிநாதம் எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அவருடைய மகள் செம்மலர் மிருதங்கம் வாசிப்பவள். மிருதங்கத்தின் இடப்பக்கத்திலிருந்து, தொப்பி என்பார்களே அங்கிருந்து, கும்மென்று எழும் நாதத்தை அம்மா கேட்டு ஆறு வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மார்கழி சபையில் செம்மலருக்கு முதல் கச்சேரி. அதைக் கேட்காத காது இருந்தென்ன, அறுந்தென்ன என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மூன்று மொட்டுகள் வந்தன. முதல் மொட்டில் தொப்பி கேட்டது. தொப்பி மட்டுமே கேட்டது. பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடினாள். இரண்டாவது, தம்புராவின் நாலு தந்தியையும் பிரித்துப் பிரித்துக் காட்டியது. ஆனால் வயலினில் வில் ஏறும்போதெல்லாம் பல் கூசியது. மூன்றாவதற்கு ‘ரசிகன் ஏழு’ என்று பெயர். பூமியில் நூறு வருஷம் சபாக்களில் உட்கார்ந்திருந்த ரசிகர்களைப் பார்த்தே வளர்ந்த மொட்டாம். எந்த இடத்தில் ஆகா சொன்னார்கள், எங்கே தொடையில் தாளம் போட்டார்கள், எதற்குக் கண்கலங்கினார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

அது ஒரு கல்யாணிக் கீர்த்தனையை எடுத்துவிட்டது. பாட்டுக்கு அடியில், தொப்பி உருண்டு வந்தது. மங்கையர்க்கரசிக்குக் கேசரித் தட்டு கையிலிருப்பதே மறந்துபோயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொட்டுக்கும் காது பிடித்துவிட்டது. அழத் தெரிந்த காது என்று புகழ்ந்தது.

செம்மலருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தனி கேட்டுப் பாத்தியாம்மா?" என்றாள். பாடகி பாட்டை நிறுத்திவிட்டு ஒதுங்க, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பத்து நிமிஷம்தான் தனி. கச்சேரி முழுக்கப் பக்கத்தில் இருந்து தாங்கியவளுக்கு மேடை முழுதாகக் கிடைப்பது அப்போதுதான்.

"பாட்டுலயே இவ்வளவு தெளிவா கேக்குது. தனிக்கு மட்டும் என்ன கொறைஞ்சிடப் போவுது?" என்று அம்மா முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் காதில் ரசிகன் ஏழுதான். வர்ணம் முடிந்தது, கீர்த்தனைகள் வந்தன, மொட்டு தன் பெயரைக் காப்பாற்றியது. ஒருவழியாகப் பாடகி செம்மலரைப் பார்த்துத் தலையசைத்தாள். மங்கையர்க்கரசி நிமிர்ந்து உட்கார்ந்தார். செம்மலரின் விரல்கள் எழுந்தன.

மிருதங்க நாதம் தேய்ந்து மறைந்தது. அந்த இடத்தில் மொட்டின் குரல் மரியாதையாக வந்தது.

"தனி ஆரம்பிச்சாச்சும்மா. எழுந்து போக இதுதான் சரியான நேரம். கேன்டீன்ல இன்னிக்கு அடை அவியல்."

சுற்றிலும் நாற்காலிகள் மடங்கின. ஒட்டுமொத்தச் சபையும் புடவையையும் வேட்டியையும் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நகர்ந்தது.

"வாசிக்கிறது எம் பொண்ணு. சத்தத்தக் கூட்டு."

"நூறு வருஷமா ரசிகர்கள் என்ன செஞ்சாங்களோ அதத்தான் நான் கத்துக்கிட்டேன். தனிய யாரும் கேட்டதில்லையேம்மா" என்றது மொட்டு. பொய் சொல்லத் தெரியாத கருவி அது.

மங்கையர்க்கரசி அதைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் மகளின் விரல்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு வருஷம் காத்திருந்தது இந்த ஊமைக்கூத்தைப் பார்க்கவா?

அப்போதுதான் பம்பு நிலைய ஞாபகம் வந்தது. மெலிந்த காற்றில் பம்பு கெட்டால் சத்தம் வராது. குழாயில் காதோர எலும்பை அழுத்தினால் உள்ளே தேய்ந்த பேரிங் எது என்றுகூடச் சொல்லிவிடலாம். மேடை இரும்பால் ஆனது. அதிலிருந்துதான் முதல் வரிசைக்கு முன்னால் கைப்பிடிக் கம்பி ஓடியது. மங்கையர்க்கரசி விடுவிடுவென்று நடந்துபோய்த் தரையில் மண்டியிட்டு, காதின் பின்னெலும்பைக் கம்பியில் வைத்து அழுத்தினார்.

கும்.

வந்துவிட்டது. மொட்டு தந்ததைவிடக் கனமாக, கழுத்துவழி இறங்கி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது தொப்பி. செம்மலர் அம்மாவைப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தவள், தாள நடையை மாற்றி, பதினைந்து நிமிஷம் வாசித்தாள். மும்முறை வாசித்து முடிக்கும் கடைசிக் கோர்வையை மூன்றாவது முறை முடித்தபோது, மங்கையர்க்கரசி கம்பியிலிருந்து தலையை எடுக்காமலே ஒரு கையால் தாளத்தை முடித்தார். ஜெயித்தாயிற்று. அத்தனை சந்தோஷம் அவர் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறது, செம்மலர் பிறந்த அன்று.

"கேட்டுச்சாம்மா?" என்றாள் மகள், கச்சேரி முடிந்து மொட்டு அம்மாவின் காதுக்குத் திரும்பிய பிறகு.

"எலும்பு வரைக்கும்."

உள்ளங்கையில் இருந்தபோதும் மொட்டு சும்மா இருக்கவில்லை. விரலிடுக்கு வழியாகக் கண்டதைக் குறித்துக்கொண்டு, வழக்கப்படி மற்ற மொட்டுகளுக்கும் சொல்லிவிட்டது: தேர்ந்த ரசிகர்கள் தனியின்போது கம்பியில் தலை வைப்பார்கள். அடுத்த வாரத்துக்குள் சபையில் கம்பிக்கு அடிதடி. வரிசைக்கு வரிசை கம்பி போட்டுத் தந்தார்கள். நூறு வருஷத்தில் முதல்முறையாக ஒருவரும் எழுந்து போகாமல் தனி நடந்தது. மிருதங்கக்காரர்கள் செம்மலரின் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடியிருப்பே அவரை மகாரசிகை என்றது. அவரும் மறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் வேறொரு இளைஞனின் கச்சேரி. நன்றாக வாசிப்பவன்தான். தனி தொடங்கியதும், "கம்பிக்குப் போக இதுதான் சரியான நேரம்மா" என்றது மொட்டு. மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தார். குனிந்த தலைகள், வரிசை வரிசையாக. கேன்டீனில் இப்போது வரிசையே இருக்காதே என்று தோன்றியது. மெதுவாக எழுந்தார்.

கேன்டீனில் ஈ காக்கை இல்லை. பரிமாறுகிறவருக்கு ஒரே ஆச்சரியம். உள்ளே தனி நடக்கிறதே, மகாரசிகையே எழுந்து வந்துவிட்டீர்களே என்று கேட்டார்.

"இன்னிக்கு வாசிக்கிறது எம் பொண்ணு இல்லையே" என்றார் மங்கையர்க்கரசி. இன்னொரு அடையும் கொஞ்சம் அவியலும் கேட்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார்.

காதில் இருந்த மொட்டு அதையும் குறித்துக்கொண்டது. மறுநாள் தனியின்போது கேன்டீனில் நிற்க இடமில்லை.