வெட்ட மனம் வராத குரல்

"படத்தைப் பத்தி அப்பாதான் பேசணும் மேடம். நீங்க பேசக் கூடாது!"

"நான் எங்கே பேசினேன்? ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். அதுக்குப் போய் இப்படி முறைக்கிறீங்களே சார்!"

முறைத்தானா? பாவம், கோபத்தில் விரிந்த அவள் கண்களைப் பார்த்து மலைத்துப் போய் நின்றான் நம் கம்ப்யூட்டர்காரன்.

மருத்துவமனையின் ஒலிப்பதிவு அறை அது. அல்சைமர் என்னும் மறதி நோயைப் பேச்சை வைத்தே சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு மெஷினைப் பழக்கியிருந்தான் அவன். எத்தனையோ பேரின் பேச்சைக் கேட்டு, எங்கே தயங்குகிறார்கள், எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. மெஷின் சந்தேகப்பட்டால், டாக்டர் முழுதாகச் சோதிப்பார்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். திணறுகிற பிள்ளைக்குச் சொல் எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் சும்மா இருக்குமா? பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, விவரிக்கச் சொல்லிக் கொடுத்த படத்தைப் பார்த்து, "அந்த... தண்ணி கொட்டுமே... அது..." என்றதும், "குழாய்ப்பா" என்று கிசுகிசுத்துவிட்டாள்.

"நானே சொன்னதா வெச்சுக்கோ தம்பி" என்று கண்ணடித்தார் அப்பா. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

கூட வந்தவர் குரலை வெட்டிவிட்டுத்தான் பதிவை மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். மாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "குழாய்ப்பா..." "ஏணிப்பா..." அடடா, எவ்வளவு செல்லம் அந்தக் குரலில்! வெட்ட மனம் வரவில்லை. நாலு கிசுகிசுப்புதானே, என்ன ஆகிவிடும்... அப்படியே கொடுத்துவிட்டான்.

கவலையில்லை என்றது மெஷின். செய்தி கேட்டு அவள் போனிலேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். "ரொம்ப தேங்க்ஸ் சார்... உங்களைத் திட்டினதுக்கு ஸாரி."

அந்த ஸாரிதான் அவனை உறுத்தியது. மறுநாள் முதல் வேலையாக அவள் குரலை வெட்டி, அப்பாவின் பேச்சை மட்டும் கொடுத்தான். இப்போது மெஷின் சந்தேகப்பட்டது. அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான்.

மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றாள். "நேத்து ஒண்ணுமில்லன்னீங்க, இன்னைக்கு சந்தேகம்கிறீங்க! என் குரலை ஏன் வெட்டல?"

"மனசு வரல டீச்சர். திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தேன்... தப்பு என்னோடதுதான். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா... அவளுக்கே தெரியவில்லை. "எங்க அப்பா விஷயம் உங்களுக்கு விளையாட்டாப் போச்சு! இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்."

"என்மேல எவ்வளவு வேணா கோபப்படுங்க. அப்பாவை மட்டும் டாக்டர்கிட்ட காட்டாம விட்டுடாதீங்க."

அன்று சாப்பிடும்போது, "அந்த... அதை எடும்மா" என்று கரண்டியைக் காட்டினார் அப்பா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா தேடினார்... தேடிக்கொண்டே இருந்தார். சொல் வரவேயில்லை. இத்தனை நாளும் அவருக்கு உதவுவதாக நினைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொண்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீம்பை விட்டுவிட்டு அப்பாவை அழைத்து வந்தாள். எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் உறுதி செய்தார். நோய்தான், ஆனால் இப்போதுதான் ஆரம்பம்.

வெளியே அன்றும் மழை. வராந்தாவில் அவனருகே வந்து நின்றாள்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே... ஏன் சொன்னீங்க?"

"உங்ககிட்ட எப்படிங்க மறைப்பேன்? உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கே!"

அவள் தலை குனிந்தாள். "பின்னாடி எனக்கும் இப்படி வந்துட்டா...?"

"வரட்டுமே. தினமும் காலையில, நான்தான் உங்க வீட்டுக்காரன்னு நானே வந்து சொல்லிக்கிறேன்."

சிரித்தாள். கண்ணீரும் வந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. உள்ளே போய் அப்பாகிட்ட கேளுங்க."

"இப்பவேவா? கொஞ்ச நாள் போகட்டுமே..."

"இப்பவே. நீங்க யாரு, நான் யாருன்னு நல்லாத் தெரிஞ்சு, அப்பா தன் வாயாலேயே சரின்னு சொல்லணும்."